புழு நானாவும் சேராத சாமானும்

மகாவலி கங்கையில் எத்தனை மீன் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை மீனையும் பந்தியில் உட்காரவைத்து ஆளுக்கொரு புழு பரிமாறினாலும், மிச்சத்தை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர்தான் புழு நானா; ‘நானா’ என்றால் எங்கள் ஊர் முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். மீன்பிடிச் சாமான் சேர்ப்பதில் அவரை மிஞ்சிய ஆள் கண்டியில் இல்லை. மீன் பிடிக்காமல் இருப்பதிலும் அவரை மிஞ்சிய ஆள் இல்லை.

பெற்ற மகளின் கல்யாணத்தையே அந்தப் புழுக்களை நம்பித்தான் நடத்தினார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. மண்டபத்தில் நின்று இரண்டு கண்ணாலும் பார்த்த பிறகுதான் நம்பினேன். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

புழு என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். உயிருள்ள புழு அல்ல, ரப்பர் புழு. தூண்டிலில் கொழுவித் தண்ணீருக்குள் இழுத்தால் நெளியும். விரால் மீன் ஏமாந்து கவ்வும். புழு, தவளை, இறால், குட்டி மீன் என்று பல உருவத்தில், பார்த்தால் கண் கூசும் நிறங்களில், வெளிநாட்டிலிருந்து பொட்டலம் பொட்டலமாக வரும். செய்கிறவர்கள் அதைப் பிளாஸ்டிக் என்கிறார்கள். நானாவுக்கு எல்லாம் ரப்பர்தான்.

பிலிமத்தலாவையில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் ஸ்டோர் கீப்பர். நான் பில் போடுகிறவன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த முதல் நாளே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் ஹெட்லைட் பல்ப் கேட்டார். ஸ்டோருக்குள் போய், ‘ஹெட்லைட் பல்ப்’ என்று ஒட்டியிருந்த பெட்டியைத் திறந்தேன். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு புழுக் குடும்பமே சுருண்டு படுத்திருந்தது. நான் போட்ட சத்தத்தில், வெளியே நின்ற பஸ்ஸின் கொண்டக்டர் கடைக்குள் எட்டிப்பார்த்தார்.

“கத்தாதீங்க தம்பி,” என்றார் நானா. “புதுசா வந்தீக்கிறதுகள். இன்னம் எடம் குடுக்கல்ல.”

“பல்ப் எங்க நானா?”

“பல்பா?” தாடியைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார். “அது எங்கயாச்சும் ஈக்கும்.”

கடைசியில் பல்ப் சீனிப் போத்தலுக்குப் பின்னால் அகப்பட்டது. அந்தக் கடையில் எந்தச் சாமானும் அதனுடைய இடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. கிளட்ச் பிளேட் தேத்தண்ணிக் கோப்பையை மூடியிருக்கும். ஃபேன் பெல்ட்டில் குடை தொங்கும். ஆனால் புழுவென்று வந்துவிட்டால் நானா வேறு மனிதர். கண்ணைக் கட்டிவிட்டாலும், மோந்து பார்த்தே பொட்டலத்தை எடுத்துத் தருவார். சில புழுவுக்கு மீனை இழுக்கப் பெருஞ்சீரக வாசமும் சிலதுக்கு வெள்ளைப்பூண்டு வாசமும் ஏற்றியிருப்பார்களாம். ஸ்டோருக்குள் நுழைந்தால் யாரோ கறிக்குத் தாளித்தது போலிருக்கும்.

“இதுகள் லேசுப்பட்ட சாமான் இல்ல தம்பி,” என்று ஒருநாள் எனக்குப் பாடம் எடுத்தார். “பாக்க எல்லாம் ஒண்டு மாதிரித்தான் ஈக்கும். ஆனா ஒரு சாமானால செஞ்சது வேற சாமானால செஞ்சதத் தொட்டிச்சோ, ரெண்டும் உருகிக் களியாப் போயிடும். ஒரே சாமான் எண்டா பயமில்ல. வருசக்கணக்கா ஒட்டிப் படுத்தாலும் ஒண்டும் ஆகா.”

இப்படி அவரிடம் சட்டம் நிறைய இருந்தது. சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளையை வைக்கக்கூடாது, சாயம் ஏறிவிடும். வாலை மடித்து வைக்கக்கூடாது, கோணிவிடும். வெயில் படக்கூடாது. வந்த பொட்டலத்தை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. பொட்டலங்களின் தலையில் துளையிட்டு, குளியலறைத் திரைக்குப் போடும் வளையங்களில் கோத்து, இனம் இனமாகத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர், அதில் பெயர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு யோசித்துப் பெயர் வைத்திருக்க மாட்டோம்.

ஒரேயொரு பொட்டலம் மட்டும் எந்த வளையத்திலும் இல்லை. கரும்பச்சை நிறத்தில் ஒற்றைப் புழு. அது எப்போதும் அவருடைய சட்டைப்பைக்குள் இருந்தது.

“இது என்ன நானா, தனியா?”

“இது எதோடயும் சேராது தம்பி. எல்லாப் பெட்டியிலயும் போட்டுப் பாத்துட்டன்.”

“அப்ப வீசிட வேண்டியதுதானே?”

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல என்னைப் பார்த்தார். “சேரல்ல எண்டு வீசுறதா? சேராத சாமான நான் என்னோடயே வச்சுக்கொள்ளுவன்.”

எங்கள் முதலாளி பெரிய ஹாஜியார். அவருக்கு இந்தப் புழுக்கள்மீது கோபம் வந்ததற்குக் காரணம் தேத்தண்ணிதான். ஒருநாள் காலை ஒரு மிடறு குடித்துவிட்டு, “இண்டைக்குத் தேத்தண்ணி நல்ல வாசமா ஈக்கி. பெருஞ்சீரகம் போட்டதா?” என்று மெச்சினார். நானும் ருசித்துக் குடித்து, இரண்டாவது கோப்பைக்குக் கேத்தலைச் சரித்தேன். பச்சை நிறத்தில் ஒரு வால் முதலில் வந்தது. பிறகு உடம்பு வந்தது. ஹாஜியார் கோப்பையைக் கையில் பிடித்தபடியே சிலையாகிவிட்டார்.

“சுடுதண்ணியில போட்டாத்தான் வால் நிமிரும்,” என்றார் நானா, மிகவும் அமைதியாக. “கோணிப் போயிருந்திச்சு, பாவம்.”

அதற்குப் பழிவாங்கத்தானோ என்னவோ, கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள் கடை பார்க்க வருகிறார்கள் என்றதும், நானா மதியம் லுஹர் தொழப் போயிருந்த நேரத்தில், ஹாஜியாரே ஸ்டோரை ஒழுங்குபடுத்தினார். பொட்டலங்களை எல்லாம் கிழித்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒரே பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, மூடி, தகரக் கூரைக்குக் கீழே உயரத்தில் வைத்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் வந்து, பார்த்து, புகழ்ந்துவிட்டுப் போனார்கள். பிறகு நானா வாளியைத் தேடிப் பிடித்துத் திறந்தார். நாங்கள் எல்லாரும் எட்டிப்பார்த்தோம். உள்ளே புழு இல்லை. தவளை இல்லை. பல நிறத்தில் ஒரே ஒரு களி இருந்தது. அதற்குள்ளிருந்து எங்கோ ஒரு கண் மட்டும் எங்களைப் பார்த்தது. வாளியின் அடியும் இளகிப்போயிருந்தது.

“இதுகள் நீ சொன்ன மாதிரியே உருகுமா?” என்றார் ஹாஜியார். நானா, யாரோ இறந்த செய்தி கேட்டது போல, ‘இன்னாலில்லாஹி’ சொல்லி வாளியை மூடினார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் ஹாஜியாரை மேலும் கலங்கடித்தது. அன்றிலிருந்து ஸ்டோருக்குள் அவர் கைவைக்கவே இல்லை. வால் நிமிர்த்தவென்று தனிக் கேத்தல் ஒன்றும் வாங்கிக்கொடுத்தார்.

இவ்வளவு பாடுபடுகிறாரே, எப்படித்தான் மீன் பிடிக்கிறார் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராதனைப் பக்கம் ஆற்றங்கரைக்கு அவரோடு போனேன். மரத்தடியில் பாய் விரித்து, வீட்டில் வைத்திருந்த புழுப் பெட்டிகளைத் திறந்தார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கரும்புழுதான் சரி என்று எடுத்தார். அதற்குள் முகில் விலகி வெயில் வந்துவிட்டது. வெயிலுக்குப் பொன்னிறம். பொன்னிறத்தை எடுத்து வாலைச் சரிபார்ப்பதற்குள் மறுபடி முகில். பக்கத்தில் ஒரு சிங்களப் பெரியவர் வெறும் பாண் ரொட்டியை உருட்டிக் கொழுவி, மீன்மேல் மீனாக இழுத்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தது. நானா எல்லாவற்றையும் இனம் பிரித்து அடுக்கி மூடினார்.

“என்ன நானா, ஒண்ணகூடப் போடவே இல்லியே!”

“தண்ணியில போட்டா நனைஞ்சிடுமே, தம்பி!”

புறப்படும்போது அந்தப் பெரியவர் இரக்கப்பட்டுக் கொடுத்த இரண்டு மீனைத்தான் நானா வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இப்படிப்பட்டவருக்கு ஷம்லா என்று ஒரே மகள். அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை யாரென்று கேட்டதும் கடையே அதிர்ந்தது. எதிர்க்கடைச் சின்ன ஹாஜியாரின் மகன்!

சின்ன ஹாஜியார் எங்கள் முதலாளியின் கூடப்பிறந்த தம்பி. தகப்பனார் இறந்த பிறகு கடைப் பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையில் பிரிந்துபோய், றோட்டுக்கு அந்தப் பக்கம் அதே சாமானுக்கு அதே மாதிரி ஒரு கடை போட்டவர். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. எங்களிடம் இல்லாத சாமானை யாராவது கேட்டு, “எதிர்க்கடையில இருக்குமா?” என்றால், பெரிய ஹாஜியார் அந்தக் கடையை நேராகப் பார்த்தபடியே, “எதிருலயா? எனக்கு ஒரு கடையும் தெரியல்லயே,” என்பார். அங்கே தம்பியும் இதே பதிலைத்தான் சொல்வாராம். இருவருக்கும் ஒரே இருமல், ஒரே நடை. தொப்பியைக்கூட ஒரே பக்கம் சாய்த்துத்தான் போடுவார்கள். டெலிபோனில் பேசினால் மனைவிமாருக்கே ஆள் மாறிவிடும்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண் பார்க்க வந்த நாளில் கதிரை சுமக்க நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையைப் பெற்ற உம்மா, கொண்டுவந்த சிவப்புச் சாரியைத் தன் கையாலேயே உள்ளே வைப்பதற்கு அலுமாரியைத் திறந்தார். சாரி தொங்க வேண்டிய இடத்தில் வளையம் வளையமாகப் புழு தொங்கியது. அவர் போட்ட கூச்சலுக்கு முன்னால் நான் முதல் நாள் போட்டதெல்லாம் முணுமுணுப்பு. கதிரையில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தோம்.

நானா ஆறுதல் சொல்கிறேன் என்று ஓடிவந்தார். “பயப்படாதீங்க, கடிக்காதுகள். சாரிய வைங்களே, எடம் ஈக்கி. ஆனா வெள்ளப் புழுக்குப் பக்கத்துல மட்டும் வைக்க ஏலா. செவப்பு ஏறிடும்.”

அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, சம்பந்தம் இதோடு முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது உள்ளே இருந்து ஷம்லாவின் குரல் வந்தது. “மாமி, இந்த ஊட்டுல ஒழுங்கா ஈக்கிறது வாப்பாட புழு மட்டுந்தான். அதையும் கொற சொன்னா நாங்க எங்க போற?” மாப்பிள்ளையின் உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் கல்யாணம் நிச்சயமாயிற்று.

ஆனால் பெரிய கண்டம் அதற்குப் பிறகுதான். பெரிய ஹாஜியார் நானாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஷம்லா நான் தூக்கி வளத்த புள்ள. நிக்காஹ்வுக்கு வராம ஈக்க மாட்டன். ஆனா அவன்ட முகம் என் கண்ணுல பட்டிச்சோ, எழும்பிப் போயிடுவன். நீயும் பொறகு கடைக்கு வர வேணாம்.” எதிர்க்கடையிலிருந்து ஆள்மூலம் வந்த செய்தி அதைவிடக் கொடியது. “எங்கட நானா ஒக்காந்திருக்கிற எடத்துல நாங்க சோறு தின்ன மாட்டம். மாப்பிள்ளையக் கூட்டிக்கொண்டு எழும்பிப் போயிடுவம்.”

ஒரு பக்கம் வேலை, மறு பக்கம் மகளின் வாழ்க்கை. ஊரே ஆலோசனை சொன்னது. ஒருவரை மண்டபத்தின் அந்த மூலையிலும் மற்றவரை இந்த மூலையிலும் வை என்றார்கள். முன்பந்தி, பின்பந்தி என்று பிரி என்றார்கள். நடுவில் திரை கட்டச் சொன்னது நான். நானா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஸ்டிக்கர் எழுதிக்கொண்டிருந்தார். சஹன் கல்யாணத்தில் யாரும் யாருக்கும் இடம் எழுதி வைப்பதில்லை. சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர், வந்தவர் வந்த இடத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதுதான் வழக்கம். நானாவோ, முன்சஹன் ஒன்றைத் தவிர, ஒவ்வொரு சஹன் மூடியிலும் ஆறு ஆறு பெயராக ஒட்டினார். கல்யாணப் பத்திரிகையில் அவருடைய உண்மையான பெயர் போட்டிருந்ததால், ‘பெண்ணின் வாப்பா யார்?’ என்று பாதிப் பேர் மண்டப வாசலில் விசாரித்துக்கொண்டு நின்றது தனிக் கதை.

மண்டபம் கட்டுகஸ்தோட்டைப் பக்கம். நிக்காஹ் முடியும்வரை இரண்டு ஹாஜியார்மாரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு சமாளித்துவிட்டார்கள். அடுத்தது சாப்பாடு. பெரிய ஹாஜியார் முன்சஹனில் நிக்காஹ் நடத்திய மௌலவிக்கு அருகில் உட்கார்ந்து, குனிந்து கை நீட்டினார். கை கழுவக் கேத்தலால் தண்ணீர் ஊற்றினார்கள். அதே நேரத்தில் நானா, சின்ன ஹாஜியாரின் கையைப் பிடித்து, மகளின் மருதாணியைப் பற்றி ஏதோ ஓயாமல் பேசியபடி கூட்டிவந்து, அதே சஹனில், அண்ணனுக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக உட்காரவைத்தார்.

‘ஐயோ, நானாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது’ என்று வாய்விட்டே சொன்னேன். சின்ன ஹாஜியாரின் கையிலும் தண்ணீர் விழுந்தது. மௌலவி பிஸ்மில்லாஹ் சொல்லி மூடியைத் திறந்தார். அப்போதுதான் இருவரும் தலைநிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். கை நனைத்துச் சஹன் திறந்த பிறகு எழும்பினால் சோற்றை அவமதித்ததாகும். அதுவும் மௌலவியின் முன்னால். எழும்பவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. மண்டபமே மூச்சுப் பிடித்து நின்றது. நானாவின் நெற்றியில் வியர்வை ஓடியதை நான் பார்த்தேன். அவர் கை சட்டைப்பையைப் பொத்திப் பிடித்திருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார்கள். ஒரே மாதிரி மென்றார்கள். பிறகு ஒரே குரலில், ஒரே நேரத்தில் சொன்னார்கள்:

“உப்புக் கொறவு.”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். மௌலவி இருமலால் சிரிப்பை மறைத்தார். பெரிய ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு கோழித்துண்டைப் பிய்த்துத் தம்பியின் பக்கம் தள்ளினார். “இந்தா, நெஞ்சுத்துண்டு. உனக்குக் கால் புடிக்காதே.” சின்ன ஹாஜியார் அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “இன்னம் ஞாபகமா ஈக்கா நானா?” என்று அண்ணனைக் கேட்டார்.

பெரிய ஹாஜியார் நிமிர்ந்து புழு நானாவை முறைத்தார். “ஏன்டாப்பா, வாளியில நீயும் பாத்தாய்தானே? எங்க ரெண்டு பேரையும் ஒண்டாப் போட்டியே, உருகிடுவம் எண்டு பயமில்லயா?”

“வேற வேற சாமான் எண்டாத்தான் உருகும் ஹாஜியார்,” என்றார் நானா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “நீங்க ரெண்டு பேரும் ஒரே சாமான்.”

அண்ணன் தம்பி அன்றே கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. பெயர்ப்பலகைச் சண்டை இன்றும் நடக்கிறது. ஆனால் இப்போது றோட்டுக்கு இருபக்கமும் நின்று நேருக்கு நேர் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். பிறகு ஒரே கேத்தலில் தேத்தண்ணி குடிக்கிறார்கள். எந்தக் கேத்தல் என்று நான் கேட்பதில்லை.

அன்று எல்லாரும் உட்கார்ந்த பிறகு என் பெயரைத் தேடினேன். எந்தச் சஹனிலும் இல்லை. கடைசியில் தூணுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்னச் சஹன் இருந்தது. அதன் மூடியில்தான் என் பெயர். நான் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன், மற்றச் சஹன்களில் அதுவும் இருக்கும், அதற்காகத்தான் என்று புத்திக்கு விளங்கியது. மனம் கேட்கவில்லை. வேறு சாமானை விலக்கி வைக்க வேண்டும் என்று எனக்கே பாடம் சொன்னவர் அல்லவா? மண்டபம் முழுக்க ஆறு ஆறு பேராகத் தலைகள் கூடியிருக்க, நான் ஒருவன் தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூடியைத் திறந்தபோது எதிரே தொம்மென்று யாரோ உட்கார்ந்தார்கள். புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு புழு நானா.

“நானா! பொண்ணோட வாப்பா நீங்க. பெரிய ஆளுங்ககூட உக்காராம இங்க வந்துட்டீங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் சமையல்காரர் கடைசியில் வைக்கும் இனிப்பைத் தேடி அந்தப் பக்கமிருந்து கத்தினார். “நானா, வட்டிலப்பம் எங்க?”

“அது எங்கயாச்சும் ஈக்கும்!” என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினார் நானா. பிறகு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். மகளின் கல்யாணத்தன்றும் அந்தக் கரும்பச்சைப் பொட்டலம் அங்கேதான் இருந்தது. என் பக்கம் குனிந்து, ஒரு கோழித்துண்டைப் பிய்த்து எனக்கு முன்னால் வைத்தார்.

“சேராத சாமான நான் எங்க வைப்பன் எண்டு மறந்துட்டீங்களா, தம்பி?”

பிரியாணிக்கு உப்புக் குறைவு என்று ஹாஜியார்மார் சொன்னது உண்மைதான். ஆனால் அன்று என் பக்கத்துச் சோற்றில் மட்டும் உப்புச் சரியாக இருந்தது; நான் குனிந்து சாப்பிட்டதால் என் கண்ணை நானா கவனிக்கவில்லை.